கொழுத்த உடம்பும் கொடிய தொற்றும்

கொஞ்சம் சதைப்பிடிப்பாய் இருந்தால்தான் நோய்நொடி வந்தபோது உடம்பு தாங்கும் என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாய் இருந்துவருகின்ற ஓர் அபிப்பிராயமாகும். பிள்ளை மெலிந்திருந்தால் தாயார் விசனப்படுகின்றாள். கொழுகொழுவென்றிருந்தால் கண்பட்டுவிடுமென்று கன்னத்தில் மை வைக்கின்றாள். கலியாணமான ஆறு மாதத்தில் மாப்பிள்ளை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டால் மாமியார் வீட்டுக்கு அது ஒரு பெருமை. பஞ்சமும் கொள்ளைநோயும் மாறிமாறி வந்துகொண்டிருந்த காலத்தில், சாப்பாட்டுக்கு வழியுள்ளவன் பிழைத்தான், இல்லாதவன் மாண்டான் என்பதைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் ஏற்பட்டதில் ஆச்சரியமொன்றுமில்லை.

இப்போது இந்தப் பழைய எண்ணத்துக்கு ஒரு புதிய சாட்சியும் கிடைத்திருக்கின்றது. கடுமையான தொற்று நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் மெலிந்தவர்களைவிடப் பருத்தவர்களே அதிகமாய்ப் பிழைக்கின்றார்கள் என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் பல சொல்லுகின்றன. இதற்கு "பருமனின் புதிர்" என்று பேரும் வைத்திருக்கின்றார்கள். இதைக் கேட்டவர்களில் சிலர், "பார்த்தீர்களா, எங்கள் பாட்டி சொன்னதுதான் கடைசியில் சரியாயிற்று" என்று சந்தோஷப்படுகின்றார்கள். வேறு சிலரோ, "2020-ல் கொரோனா வந்தபோது பருத்தவர்களுக்குத்தான் ஆபத்து என்றார்கள், இப்போது இப்படிச் சொல்லுகின்றார்கள், டாக்டர்கள் பேச்சையே நம்பக் கூடாது" என்கின்றார்கள். இரண்டு கூட்டத்தாரும் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே நமது அபிப்பிராயம். பாட்டி சொன்னாள் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளுவது எப்படி அறிவாகாதோ, அப்படியே டாக்டர் சொன்னார் என்பதற்காக மாத்திரம் ஒப்புக்கொள்ளுவதும், முன்னுக்குப்பின் முரணாய்த் தோன்றுகின்றது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் அறிவாகாது. யார் எதை எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று விசாரிப்பதுதான் அறிவுடையவர் செய்யத்தக்க வேலை. அதை இங்கு சற்றுச் செய்து பார்ப்போம்.

முதலாவது, பருமன் என்றால் என்ன? கண்ணால் பார்த்துச் சொல்லுவது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றார்கள். ஒருவருடைய எடையைக் கிலோவில் எடுத்து, அதை அவருடைய உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கிவந்த தொகையால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 77 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 30 ஆகும். 18.5-க்குக் கீழ் என்றால் மெலிவு, 25-க்கு மேல் என்றால் அதிக எடை, 30-க்கு மேல் என்றால் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுப் பிரிவு. ஆனால் நம்மைப் போன்ற ஆசியாக் கண்டத்தாருக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு முதலிய வியாதிகள் தலைகாட்டுவதால், 23-லிருந்தே எச்சரிக்கையாய் இருக்க வேண்டுமென்று அந்த நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004-ல் தெரிவித்தார்கள்.

இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டாக்கியவர் பெல்ஜியம் தேசத்து அடால்ஃப் கெட்லே என்பவர். அவர் டாக்டரல்லர், வானசாஸ்திரியும் கணித நிபுணருமாவார். மனித சமூகத்தின் சராசரியைக் கண்டுபிடிக்க அவர் போட்ட கணக்கே பின்னால் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது. இக்கணக்குக்குச் சதை எது, கொழுப்பு எது, நீர் எது என்று பிரித்தறியத் தெரியாது. மூட்டை தூக்கித் திரண்ட உடம்புக்கும், உட்கார்ந்தபடியே தின்று பெருத்த வயிற்றுக்கும் இது ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். இந்தக் குறையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நடந்த சம்பவங்களைப் பார்ப்போம். 2009-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், அப்போது புதிதாய்ப் பரவிய பன்றிக் காய்ச்சலால் நுரையீரல் கெட்டு, ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துசேர்ந்த 10 பேரைப் பற்றி அந்நாட்டு சர்க்காரின் நோய்த் தடுப்பு இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பத்துப் பேரில் 9 பேர் பருத்தவர்கள்; அதிலும் 7 பேருக்கு மேற்சொன்ன எண் 40-க்குக் குறையவில்லை. 5 பேருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. 3 பேர் இறந்துபோனார்கள். பத்துப் பேரைக் கொண்டு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதென்பது வாஸ்தவம். ஆனால் அதே வருஷம் கலிபோர்னியா மாகாணத்தில் அக்காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமான ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்ததில், எடையும் உயரமும் தெரிந்த வயதுவந்தவர்கள் 268 பேரில் 100-க்கு 58 பேர் பருத்தவர்களாய் இருந்தார்கள். அமெரிக்க ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குபேரே அப்போது பருத்தவர்கள் என்பதைப் பார்த்தால் இது தற்செயலல்ல என்பது விளங்கும். அதுவரையில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வயோதிகம், கர்ப்பம், இருதய வியாதி முதலியவற்றையே ஆபத்தாய்ச் சொல்லிவந்த டாக்டர்கள், அன்று முதல் பருமனையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. பிரான்ஸ் தேசத்தில் லில் என்னும் நகரத்து ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்கு வந்த 124 நோயாளிகளை அங்குள்ள டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பருத்தவர்கள். எடை ஏற ஏற, செயற்கை சுவாச யந்திரம் வைக்கவேண்டி வந்தவர்களின் விகிதமும் ஏறிக்கொண்டே போயிற்று; 35-க்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 85 பேருக்கு மேல் அந்த யந்திரம் வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இங்கிலாந்தில் எடுக்கப்பட்டு 2021-ல் வெளியாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மாத்திரமல்ல, ஊரில் சுகமாய் இருந்தவர்களையும் சேர்த்து 69 லட்சம் பேருடைய தஸ்தாவேஜுகளைப் பார்த்தார்கள். 23-க்கு மேல் ஒவ்வொரு எண் ஏறுவதற்கும் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 100-க்கு 5 வீதமும், தீவிர சிகிச்சைக்குப் போகும் அபாயம் 100-க்கு 10 வீதமும் கூடிற்று என்று கண்டார்கள். இந்த அபாயம் கிழவர்களைவிட 40 வயதுக்குட்பட்டவர்களிடத்திலேயே விகிதத்தில் அதிகமாய்க் காணப்பட்டது. அதே கணக்கில் மிகவும் மெலிந்தவர்களும் அதிகமாய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அதிகமாய் இறந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

கொழுப்பு எப்படி இதைச் செய்கின்றது? இதில் மாயமொன்றுமில்லை. வயிற்றிலுள்ள கொழுப்பு, மல்லாந்து படுத்தவுடன் உதரவிதானம் என்னும் மார்புக்கடியிலுள்ள திரையை மேலே தள்ளுகின்றது. நுரையீரலின் அடிப்பாகம் நசுங்கிக் காற்று நிற்க இடமில்லாமல் போகின்றது. மார்பின்மேல் உள்ள பாரத்தை ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கியாக வேண்டும். சுகமாயிருக்கும்போது இது மாடிப்படி ஏறுகையில் இளைப்பாய் மாத்திரம் தெரியும். நுரையீரலில் சளியும் நீரும் கட்டிக்கொண்ட காலத்தில் இதுவே உயிருக்கு உலையாகின்றது. அன்றியும் கொழுப்பு என்பது மண்டியில் கட்டிவைத்த மூட்டையைப் போல் சும்மா கிடக்கின்ற சரக்கல்ல. அது பலவிதமான ரசாயனங்களைச் சுரந்து உடம்பில் சதா ஒரு சிறு அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கின்றது. ஆகையால் உண்மையான சத்துரு வந்தபோது உடம்பின் காவற்படை ஒரு பக்கம் தாமதிக்கின்றது, மறுபக்கம் மிஞ்சிப்போகின்றது. ரத்தம் எளிதில் கட்டுகின்றது. சர்க்கரை ஏறுகின்றது. அறுவைச் சிகிச்சை செய்தால், ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்புக்குள் காயம் ஆறாமல் சீழ் பிடிக்கின்றது.

நிற்க, இனி எதிர்க்கட்சியின் சாட்சியைப் பார்ப்போம். ஒரு தொற்று உடம்பெங்கும் தன் வேகத்தைக் காட்டி, சிறுநீரகம், நுரையீரல், இருதயம் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்துபோகும் நிலைக்கு டாக்டர்கள் செப்சிஸ் என்று பேர் சொல்லுகின்றார்கள். 2017-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது கண்டு, அதில் 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிட்டிருக்கின்றார்கள். இந்தச் செப்சிஸ் நோயாளிகளைத்தான் எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பல இடங்களில் பருத்தவர்களின் சாவு விகிதம் சாதாரண எடையுள்ளவர்களைவிடக் குறைவாய்த் தெரிந்தது. அப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் சிலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான கணக்கிலும் அப்படியே தெரிந்தது. இது பொய்யல்ல, யாரும் இட்டுக்கட்டியதுமல்ல. ஆனால் எண் மெய்யாய் இருக்கும்போதே அதிலிருந்து எடுக்கும் முடிவு பொய்யாய் இருக்கக்கூடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

எப்படி என்பதற்கு நாம் ஒரு கற்பனைக் கணக்குச் சொல்லுவோம். ஓர் ஊரில் பருத்தவர்கள் ஆயிரம் பேர், பருமனில்லாதவர்கள் ஆயிரம் பேர் இருப்பதாய் வைத்துக்கொள்ளுவோம். கொடிய தொற்று வந்து பருத்தவர்களில் 100 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் 20 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 40 பேர் போய் 10 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணுகின்றவன் என்ன சொல்லுவான்? பருத்தவர்களில் நூற்றுக்கு 20 பேர் சாவு, மற்றவர்களில் நூற்றுக்கு 25 பேர் சாவு. ஆகவே கொழுப்பு காக்கின்றது என்பான். ஊர்ச் சாவடியில் நின்று எண்ணுகின்றவன் என்ன சொல்லுவான்? பருத்தவர் ஆயிரத்தில் 20 பிணம், மற்றவர் ஆயிரத்தில் 10 பிணம். ஆகவே கொழுப்பு இரட்டிப்பாய்க் கொல்லுகின்றது என்பான். இரண்டு பேரும் எண்ணியது ஒரே பிணங்களைத்தான். எண்ண ஆரம்பித்த இடந்தான் வேறு. ஆஸ்பத்திரிக்குள் வராமலே சுகமாய் வீட்டிலிருந்த 960 பேரை வாசலில் நின்றவன் பார்க்கவேயில்லை!

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்த மெலிந்தவர்களில் சாவு ஏன் அதிகமாய் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பருமனில்லாத ஒருவர் இவ்வளவு கொடிய நிலைக்கு வந்துசேர வேண்டுமானால், பெரும்பாலும் அவருக்கு வேறொரு பலமான காரணம் இருக்கும். வயோதிகமோ, புற்று நோயோ, கல்லீரல் கெட்டதோ, நெடுநாள் காசமோ முன்பே அவரை அரித்திருக்கும். அந்த வியாதியே அவரை மெலியவும் வைத்திருக்கும். வியாதியால் மெலிந்தவரை "மெலிந்ததால் செத்தார்" என்று எழுதுவது, வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுவதாகும். பருத்தவரோ, வேறு நோயொன்றுமில்லாமல் வயதிலும் இளையவராய் இருக்கும்போதே பருமன் ஒன்றினாலேயே அங்கு வந்து படுத்துவிடுகின்றார். நாற்பது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரைவிடப் பிழைத்தார் என்றால் அதில் கொழுப்பின் கியாதி என்ன இருக்கின்றது?

இன்னும் கேளுங்கள். மூர்ச்சையாய்க் கிடக்கின்றவரைத் தராசில் நிறுத்த முடியாது. பல இடங்களில் எடையைக் கண்ணால் மதித்தே எழுதிவிடுகின்றார்கள். சில இடங்களில் பல லிட்டர் உப்புநீரை நரம்பில் ஏற்றிய பிறகு நிறுக்கின்றார்கள். அப்போது ஏறிய நீரும் பருமனாகிவிடுகின்றது. மேலும் சிகிச்சையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கின்றதா என்று பார்க்க வேண்டும். கனடா, அமெரிக்கா, சவூதி அரேபியா ஆகிய மூன்று தேசத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து, செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் விழுந்துபோன ஏறக்குறைய 2,900 நோயாளிகளின் விபரங்களைச் சேர்த்து 2013-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. மேலோட்டமாய்ப் பார்த்தால் பருத்தவர்களில் சாவு குறைவு. ஆனால் அவர்களுடைய வயது, முன்னிருந்த வியாதிகள், எந்தத் தொற்று, என்ன சிகிச்சை என்பவற்றையெல்லாம் சமன்செய்து பார்த்தவுடன் அந்த வித்தியாசம் சொல்லத்தக்கதாய் நிற்கவில்லை. புதிர் என்றார்களே, அதில் பெரும்பங்கு எண்ணுகின்றவர்களின் கண்ணில் இருந்ததே தவிர நோயாளியின் கொழுப்பில் இல்லை.

இப்படிச் சொல்லுவதால், எதிர்க்கட்சியின் பேச்சில் உண்மையே இல்லை என்று நாம் சாதிப்பதாய் யாரும் நினைக்க வேண்டாம். கடுமையான தொற்றில் உடம்பு தன் சதையைத் தானே எரித்துத் தின்கின்றது. பல வாரம் படுக்கையில் கிடப்பவருக்குக் கையிருப்பு கொஞ்சமாவது இருப்பது உபயோகமாகலாம் என்பதை டாக்டர்களில் பலர் ஒப்புக்கொள்ளுகின்றார்கள். மெலிவு கொல்லும் என்பதில் சந்தேகமேயில்லை. காசநோயையே எடுத்துக்கொள்ளுவோம். இந்நோய் எடை குறைந்தவர்களையே தேடிப்பிடிக்கின்றது. நமது நாட்டில் ஜார்க்கண்ட் மாகாணத்தில் 2019 முதல் 2022 வரை ஒரு பரீட்சை நடந்தது. காசநோயாளி இருக்கும் வீடுகளில் ஒரு பகுதி வீட்டாருக்கு அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் முதலியவை மாதாமாதம் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் நோயாளிக்கு மாத்திரம் கொடுத்தார்கள். வீட்டாருக்கும் சாப்பாடு கிடைத்த இடத்தில் புதிதாய்க் காசநோய் காண்பது 100-க்கு 39 வீதம் குறைந்துபோயிற்று. எந்தத் தாயத்தும் எந்த லேகியமும் இதைச் செய்ததில்லை. அரிசியும் பருப்பும் செய்தன.

ஆனால் இதைக் கொண்டு, "ஆகையால் எவ்வளவு பெருத்தாலும் நல்லது" என்று சொல்லலாமா? பருமன் நீரிழிவுக்கு வழி திறக்கின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வருவது மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. பசியால் வருகின்ற காசம் ஒரு வாசல் வழியாயும், பருமனால் வருகின்ற காசம் நீரிழிவென்னும் மறு வாசல் வழியாயும் நுழைகின்றது. ஆகவே பாட்டி சொன்னதில் பாதி மெய். பட்டினி கெடுதி என்பது மெய். அதற்கு மாற்று கொழுப்பு என்பதுதான் பொய்.

இவ்வளவு தூரம் எண்ணிக்கைகளை மாத்திரம் வைத்துப் பேசினோம். இதைவிட உறுதியான சாட்சி ஒன்றுண்டு. ஒரேமாதிரியான ஜனங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாரின் எடையை மாத்திரம் குறைத்துப் பார்ப்பதுதான் அது. இதற்கு மிகவும் நெருங்கிய ஒரு பரீட்சை தற்செயலாய் நடந்துவிட்டது. செமக்ளூடைட் என்னும் மருந்து மாரடைப்பைக் குறைக்கின்றதா என்று பார்ப்பதற்காக, இருதய வியாதியும் அதிக எடையும் உள்ள, ஆனால் நீரிழிவில்லாத 17,604 பேரை 41 தேசங்களில் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. இடையில் கொரோனா வந்துவிட்டது. இரு பிரிவிலும் கொரோனா கண்டவர்கள் ஏறக்குறையச் சமமே. ஆனால் கொரோனாவால் இறந்தவர்கள், வெறும் ஊசிப் பிரிவில் 65 பேர், மருந்துப் பிரிவில் 43 பேர். இது 2024-ல் வெளியாயிற்று. கொழுப்பு காக்குமென்றால், கொழுப்பை இழந்த பிரிவிலல்லவா சாவு அதிகமாய் இருந்திருக்க வேண்டும்? மருந்தைச் செய்யும் கம்பெனியே பணம் போட்டு நடத்திய பரீட்சை இது என்பதையும், எடை குறைந்ததல்லாமல் மருந்துக்கு வேறு குணமும் இருக்கலாம் என்பதையும் வாசகர்கள் கூடவே கவனிக்க வேண்டும். அப்படியிருந்தும், கொழுப்பு இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற வாதத்துக்கு இது பலமான அடியேயாகும்.

இனி, இந்த வாதத்தால் ஆகவேண்டிய காரியம் என்ன என்று பார்ப்போம். முதலாவது, ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்ய வேண்டியது. பருத்த நோயாளி வந்தால் அவரை நிறுப்பதற்குத் தராசும், தாங்குவதற்குக் கட்டிலும், புரட்டுவதற்குக் கையாட்களும் வேண்டும். நுரையீரல் கெட்டவர்களைக் குப்புறப் படுக்கவைத்தால் மூச்சு தேறுகின்றது. பருத்தவர்களையும் அப்படிப் படுக்கவைக்க முடியும், ஆள்தான் அதிகம் வேண்டும். மருந்தின் அளவு மிகவும் கவனிக்கத்தக்கது. ஐம்பது கிலோ உள்ளவருக்குக் கொடுக்கும் அதே அளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நூற்றிருபது கிலோ உள்ளவருக்கும் கொடுத்தால், அது ரத்தத்தில் நீர்த்துப்போய்க் கிருமியைக் கொல்லாமல் விடக்கூடும். செயற்கை சுவாசக் காற்றின் அளவோ இதற்கு நேர்மாறு. அதை எடையைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, உயரத்தைப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஏனெனில் மனிதன் பெருத்தால் வயிறுதான் பெருக்கின்றதே தவிர நுரையீரல் பெருக்கின்றதில்லை. நரம்பில் ஏற்றும் நீரைக் கிலோவுக்கு 30 மில்லி என்று சொல்லும்போதும், எந்தக் கிலோ, இப்போதுள்ள எடையா அல்லது உயரத்துக்குத் தகுந்த எடையா என்ற கேள்வி பிறக்கின்றது. இவற்றிலெல்லாம் கவனம் செலுத்தாமல், பருத்தவர் பிழைத்துக்கொள்ளுவார் என்று புதிரை நம்பிச் சும்மா இருந்தால் அது கொலைக்குச் சமானமேயாகும்.

இரண்டாவது, நாம் செய்ய வேண்டியது. பிள்ளை கொழுத்திருக்கின்றதைக் கொண்டாடுவதை விட்டுவிட வேண்டும். ஆனால் பருத்த மனிதரைப் பரிகாசம் செய்வதையும் அதைவிடச் சீக்கிரமாய் விட்டுவிட வேண்டும். பரிகாசத்துக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் காலந்தாழ்த்திச் சாகின்றவர்கள் உண்டு. பருமன் சோம்பேறித்தனத்தின் சம்பளம் என்று சொல்லுகின்றவர்கள், அதைத் தலையெழுத்து என்று சொல்லுகின்றவர்களின் தம்பிமார்களே. பிறவிக் கூறு, மலிவான எண்ணெய்ப் பண்டம், சர்க்கரைத் தண்ணீர், உட்கார்ந்தே செய்யும் வேலை, தூக்கமில்லாத ராத்திரி ஷிப்டு, காய்கறியும் பருப்பும் விற்கின்ற விலை ஆகிய இவையெல்லாம் சேர்ந்தல்லவா ஒருவனைப் பெருக்க வைக்கின்றன? சர்க்கார் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்குப்படி, 2019-21-ல் தமிழ்நாட்டில் வயதுவந்த பெண்களில் 100-க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அதிக எடையுள்ளவர்கள். அதே சமயம் பெண்களில் 100-க்கு 12 பேருக்குமேல் மெலிந்தவர்கள். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில்கூட இரண்டு கெடுதியும் குடியிருக்கின்றன. இத்தனை பேரும் ஏககாலத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பருத்தவர்கள் தங்களுக்குள்ள தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கொரோனாத் தடுப்பூசி பருத்தவர்களையும் கடும் நோயிலிருந்து காத்தது என்பது கண்டறியப்பட்ட உண்மை. ஊசி போடுகின்றவர் பருத்த கைக்கு நீளமான ஊசியைப் பார்த்து எடுக்க வேண்டும். குட்டை ஊசி மருந்தைச் சதைக்குள் விடாமல் கொழுப்புக்குள் விட்டுவிடும். காய்ச்சலுடன் மூச்சிரைப்போ, பிதற்றலோ, சிறுநீர் குறைவோ கண்டால் பருத்தவர்கள் மற்றவர்களைவிட முந்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பத்து நாளில் இளைக்கச் செய்கின்றோம் என்று விளம்பரம் போடுகின்ற சூரணக்காரனிடமும், எதிர்ப்புச் சக்தியை டப்பாவில் அடைத்து விற்கின்றவனிடமும் காசைக் கொட்ட வேண்டாம். காய்ச்சல் கண்டிருக்கும்போது இளைப்பதற்காகப் பட்டினி கிடப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். இளைப்பது சுகமாயிருக்கும் காலத்தில் மெதுவாய்ச் செய்யவேண்டிய வேலை.

மூன்றாவது, சர்க்கார் செய்ய வேண்டியது. இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த போரிஸ் ஜான்சன் 2020 ஏப்ரலில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து எழுந்து வந்தார். தாம் அதிகப் பருமனாயிருந்ததாய் அவரே பகிரங்கமாய்ச் சொன்னார். அந்த ஜூலையிலேயே பருமனுக்கு எதிராய் ஒரு பெரிய திட்டத்தை அவருடைய சர்க்கார் வெளியிட்டது; ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்று கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்பதைத் தடுப்பதும் அதில் ஒன்று. ஆனால் 2022 மே மாதத்தில், விலைவாசியைக் காரணம் காட்டி அதே சர்க்காரே அந்தத் தடையைத் தள்ளிவைத்தது. சாவின் வாசல்வரை போய்வந்த பிரதம மந்திரியாலேயே பண்டக் கம்பெனிகளின் முன் நிற்க முடியவில்லை என்றால், ஏழைக் குடியானவனைப் பார்த்து, "நீ வாயைக் கட்டு" என்று உபதேசம் செய்வதில் என்ன யோக்கியப் பொறுப்பு இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

கடைசியாக ஒன்று சொல்லுவோம். "இன்னார் அதிகமாய்ப் பிழைக்கின்றார்கள்" என்று யார் வந்து சொன்னாலும், அது பாட்டியானாலும் சரி, பத்திரிகையானாலும் சரி, பட்டம் பெற்ற டாக்டரானாலும் சரி, நமது வாசகர்கள் மூன்று கேள்வி கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். எங்கே நின்று எண்ணினீர்கள்? எண்ணாமல் விட்டவர்கள் யார்? இது அதைச் செய்ததா, அல்லது அது இதைச் செய்ததா? இந்த மூன்றுக்கும் பதில் வராத எண்ணுக்கும் ஜோசியன் சொல்லுகின்ற எண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பதில் வந்தபோதோ, அது நமக்குப் பிடிக்காததாய் இருந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொடிய தொற்றைப் பொறுத்தவரையில் வந்திருக்கின்ற பதில் இதுதான்: பட்டினியும் கொல்லும், பருமனும் கொல்லும்; கொழுப்பு கவசமல்ல. வயிறார நல்ல சாப்பாடு எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதும், வயிற்றைப் பெருக்கவைத்துப் பணம் பண்ணுகின்ற சரக்குகளைக் கட்டுப்படுத்துவதும், நோயாய் வந்தவர் மெலிந்தவரானாலும் பருத்தவரானாலும் அவருக்கேற்ற சிகிச்சையைத் தாமதமின்றிக் கொடுப்பதுமே உயிரைக் காக்கும் வழியாகும்.